பக்கத்து அறையில் கேட்ட என் பாடம்

உத்தரதித், தாய்லாந்து,
ஜூன், ஞாயிறு காலை, கோயிலுக்குப் போய் வந்த பிறகு.

என் அன்பு மகன் ஆர்வினுக்கு,

உன் அம்மா எழுதுவது. கால் வீக்கத்தைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, உனக்கும் அந்த வின்னிபெக் காற்றில் மூக்கடைப்புக்கு மேல் ஒன்றும் வந்திருக்கக் கூடாது என்று கர்த்தரை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். போனில் சொல்லாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் நாம் பேசுவதெல்லாம் நம் சொந்த ஊர் இலோய்லோவில் இருக்கும் உன் லோய்டா சித்திக்கு எப்படியோ போய்ச் சேர்ந்துவிடுகிறது, நீ சொல்லவில்லை என்கிறாய், நானும் சொல்லவில்லை, பிறகு யார்தான் சொல்கிறார்கள்? அதனால் இதைக் கோரசோன் அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன், தன் மகளைப் பார்க்க அங்கே வருகிறார். நல்ல மனுஷிதான், ஆனால் அடுத்தவர் உறையைக் கையில் கொடுத்தால் அவருக்கு விரல் சும்மா இருக்காது, அதனால் டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டியிருக்கிறேன், பிரித்து மறுபடி ஒட்டின மாதிரி தெரிந்தால் எனக்குச் சொல். சித்தி வீட்டுக் கூரைத் தகடு புயலில் பறந்துவிட்டதாம், அந்தத் தெருவில் வேறு யார் வீட்டுத் தகடும் பறக்கவில்லை, அவள் வீட்டுத் தகடு மட்டும் எப்படிப் பறந்தது என்று நான் கேட்கவில்லை. அவள் மூத்தவனுக்கு நகரத்தில் செல்போன் கடையில் வேலை கிடைத்திருக்கிறது, அதுவாவது உண்மையாக இருக்கட்டும். நம் வீட்டுப் பப்பாளி மரம் காய்த்துத் தொங்குகிறது, எதிர்வீட்டுக்காரர் தினமும் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று மேலேயே பார்க்கிறார்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரியிலிருந்து பள்ளியில் நடந்ததை நான் உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் நீ அங்கே தூங்காமல் கிடப்பாய். இப்போது ஒரு மாதிரி முடிந்திருக்கிறது, அதனால் எழுதுகிறேன். உனக்கு மீசை முளைக்கும் முன்பிருந்தே இந்தப் பள்ளியில் இங்கிலீஷ் நடத்துகிறவள் நான், என் நாள் எப்படிப் போகும் என்று உனக்கே தெரியும். விடிந்ததும் வாசலில் நின்று பிள்ளைகளின் கும்பிடை வாங்க வேண்டும், கொடிப் பாட்டு முடிந்து தாளாளர் ஒலிபெருக்கியில் பேசி முடிக்கும்வரை வெயிலில் நிற்க வேண்டும், வகுப்பு வாசலில் குவிந்து கிடக்கும் ஷூக்களைத் தாண்டி உள்ளே போனதும் ஒரு வகுப்பே எழுந்து ஒரே ராகத்தில் குட் மார்னிங் டீச்சர் என்று இழுக்கும். மத்தியானம் தட்டு ஏந்தி வரிசையில் நிற்கையில் சின்னப் பிள்ளைகள் என் கைமயிரை எண்ணும். விளையாட்டு விழா வந்தால் இறகுத் தொப்பி வைத்து முன்வரிசையில் ஆட விடுவார்கள், மாட்டேன் என்றால் முகம் சுருங்கிவிடும். பரீட்சையில் முட்டை வாங்கினவனையும் எப்படியாவது பாஸ் போட்டு அனுப்பியாக வேண்டும், இங்கே யாரும் தோற்பதில்லை. இதெல்லாம் எனக்குப் பழகிப்போனது, பிடித்தும்போனது. முன்பு என்னோடு ஒரு இங்கிலாந்துப் பையன் இருந்தான், விசா முத்திரை வாங்க எல்லைக்குப் போகிறேன் என்று போனவன் திரும்பவே இல்லை, அவன் கிடார் இன்னும் ஆசிரியர் அறையில் தூசி படிந்து கிடக்கிறது. அதற்குப் பிறகு பள்ளியில் வெளிநாட்டு டீச்சர் என்று இருப்பது நான் ஒருத்திதான்.

எனக்குச் சந்தேகம் வந்தது மாம்பழத்தில். என் வகுப்பில் ஒரு தாய்லாந்து டீச்சரும் உட்கார வேண்டும் என்பது பள்ளி விதி, அரண்யா டீச்சர்தான் எனக்கு. அவள் பின்பெஞ்சில் உட்கார்ந்து போனில் பாவாடை வாங்குவாள், மணி அடித்தால் எழுந்து போவாள், எங்களுக்குள் சண்டையும் இல்லை உறவும் இல்லை. அப்படிப்பட்டவள் ஒருநாள் திடீரென்று தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசிச் சோறும் மாம்பழமும் கொண்டுவந்து என் மேஜையில் வைக்கிறாள். “சாப்பிடுங்கக்கா, நீங்க ரொம்ப இளைச்சிட்டீங்க” என்கிறாள். நானா இளைத்துவிட்டேன்? என்னைப் பார்த்து இளைத்துவிட்டாய் என்று சொன்ன கடைசி ஆள் உன்னைப் பெற்றபோது எனக்குப் பிரசவம் பார்த்த நர்ஸ். மறுநாள் வாழைப்பழ வறுவல், அதற்கடுத்த நாள் குளிர்ந்த தேநீர். ஒருவர் காரணமில்லாமல் உனக்குத் தின்னக் கொடுத்தால் அவர் உனக்கு ஏதோ செய்துவிட்டார் அல்லது செய்யப்போகிறார் என்று அர்த்தம், இதை நீயும் ஞாபகம் வைத்துக்கொள். நான் சாப்பிட்டேன், மாம்பழத்தின் மேல் எனக்கென்ன கோபம், ஆனால் சாப்பிட்டபடியே அவள் முகத்தைப் பார்த்தேன், அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

அந்த வாரமே தாளாளர் அறையில் கையெழுத்துப் போடப் போனபோது கொக்கியில் ஒரு புதுக் கோட்டு தொங்கியது, பள்ளிச் சின்னம் தைத்தது, வெளிநாட்டு ஆசிரியர்களுக்கென்று தைப்பது. அதன் கை நீளத்தில் என் கை இரண்டு போகும். யாருக்கு என்று கேட்டேன். எங்கள் தாளாளர் குன் விசுத் எப்போதும் சிரித்த முகம், கோபம் வந்தாலும் சிரிப்பார், கடன் கேட்டாலும் சிரிப்பார். “தையல்காரர் அளவு தப்பா எடுத்துட்டார் டீச்சர்” என்றார். அடுத்து, நான் வானிலைப் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது பின் ஜன்னலில் ஒரு வெள்ளைக்காரர், கதவு நிலை இடிக்கும் உயரம், நரைத்த தாடி, பக்கத்தில் குன் விசுத். அந்த ஆள் நான் சொல்லச் சொல்ல வாயை அசைத்துப் பார்க்கிறார். வெளியே வந்து கேட்டால், “நம்ம நண்பர், சும்மா ஊர் சுத்திப் பாக்க வந்தார்” என்று பதில். உத்தரதித்தில் சுற்றிப் பார்க்க என் வகுப்பா இருக்கிறது? வாசலில் இருந்த பெரிய விளம்பரப் பலகையைத் துணி போட்டு மூடிவிட்டார்கள். அந்தப் பலகையில் இங்கிலாந்துப் பையனோடு ஓரமாக நானும் இருந்தேன். கடைசியில் குன் விசுத்தே என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, “டீச்சர், வருஷம் பூரா உழைச்சிட்டீங்க. சேர்க்கை நாளன்னிக்கு நீங்க வரவே வேணாம். கடல் பக்கம் போயிட்டு வாங்க, நல்லா காத்து வாங்குங்க” என்றார். கடல் இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் பல்வலிக்குக்கூட அரைநாள் விடுப்புக் கொடுக்காதவர், என்னைக் கடலுக்கு அனுப்புகிறார்.

ஆர்வின், நான் என்ன நினைத்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. என்னை எடுத்துவிட்டு அந்த உயரமான ஆளைப் போடப் போகிறார்கள், அரண்யாவுக்குத் தெரியும், சமையல்காரிக்குத் தெரியும், நாய்க்குக்கூடத் தெரியும், எனக்கு மட்டும் சொல்லவில்லை. வேலை போனால் வேலை அனுமதி போகும், அனுமதி போனால் விசா போகும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு இலோய்லோவுக்குப் போய் லோய்டாவின் பறந்துபோன கூரைக்குக் கீழே உட்கார வேண்டியதுதான். இந்த வயதில் அங்கே எந்தப் பள்ளி என்னைச் சேர்க்கும்? இங்கே எனக்கு ஒரு கோயில் இருக்கிறது, காய்க்கிற மரம் இருக்கிறது, சந்தையில் என்னைப் பார்த்தால் கீரையைத் தனியாக எடுத்து வைக்கிறவள் இருக்கிறாள். வகுப்பில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைகள் “டீச்சர், இன்னிக்கி ஏன் பாட்டு இல்ல?” என்று கேட்டார்கள், தொண்டை சரியில்லை என்றேன்.

சும்மா இருக்க நான் என்ன மரமா? சனிக்கிழமைச் சந்தையில் அந்த ஆளைப் பார்த்தேன், ஒரு கையில் பன்றி இறைச்சி, இன்னொரு கையில் கொத்தமல்லி. பின்னாலேயே போனேன். பஸ் நிலையத்துக்குப் பின்புறம் ஒரு நூடுல்ஸ் கடை, உள்ளே போய் ஏப்ரன் கட்டிக்கொண்டு எலும்பு உடைக்க உட்கார்ந்துவிட்டார். கடைக்காரி அவர் மனைவி, நோய் என்று பெயர், இந்த ஊர் மொழியில் சின்னவள் என்று அர்த்தம். அன்றிலிருந்து பள்ளி விட்டதும் நான் அந்தக் கடைக்குப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்து நூடுல்ஸ் வாங்கி வைத்துக்கொண்டு அந்த ஆளையே கவனிப்பேன். இங்கிலீஷ் டீச்சர் எலும்பு உடைப்பானா, இது வேஷமா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒருநாள் நோய் கரண்டியோடு என் எதிரில் வந்து நின்றுவிட்டாள். “அக்கா, எங்க கடை நூடுல்ஸ் மேல அப்படி என்ன ஆசை உங்களுக்கு? கண்ணு கிண்ணத்துல இல்லையே, என் புருஷன் மேலல்ல இருக்கு. கெழவன், ஒரு காது வேற மந்தம். வேணும்னா சொல்லுங்க, பாத்திரம் பண்டத்தோட கட்டிக் குடுத்துடறேன்” என்றாள். கடையே சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போய், நான் பள்ளிக்கூட டீச்சர், உங்கள் வீட்டுக்காரர் என் வேலைக்கு வரப்போகிறாரா என்று கேட்கத்தான் வந்தேன் என்று உளறிவிட்டேன். அவள் கரண்டியை வைத்துவிட்டாள். “இந்த ஆளா? டீச்சரா?” என்று கேட்டுவிட்டு அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து என் முன்னால் உட்கார வைத்தாள்.

அவர் பெயர் பெக்கா, பின்லாந்துக்காரர், கப்பல் கட்டும் இடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் பேசின இங்கிலீஷை நான் எப்படி எழுதுவேன், நம் மொழியில் சொன்னால் “நான் டீச்சர் இல்ல. நான் இரும்பு. கப்பல். நெருப்பு. பெரிய மனுஷர் சொன்னார், ஒரு நாள், கோட்டு போடு, சிரி, சூப் குடி, வீட்டுக்குப் போ” என்கிற மாதிரி இருந்தது. என் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதைவிடச் சுத்தமாகப் பேசும். தாய்லாந்து மொழியும் அரைகுறை, நோய்தான் இடையில் புகுந்து விளக்கினாள். குன் விசுத்தின் டிரைவர் இந்தக் கடையில் சாப்பிட வருகிறவராம், அவர் பார்த்துச் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். சேர்க்கை நாளில் பெற்றோர்கள் வகுப்பைப் பார்க்க வருவார்கள் அல்லவா, அப்போது என் இடத்தில் நின்று என் பாடத்தை இவர் நடத்த வேண்டும், அவ்வளவுதான். “பயமா இருக்கு அக்கா இவருக்கு, ரெண்டு நாளா சரியா சாப்பிடல. புள்ளைங்க ஏதாவது கேட்டா என்ன சொல்றதுன்னு பொலம்புறாரு. நான் வேணாம்னுதான் சொன்னேன், பள்ளிக்கூடத்துப் பெரியவரு நேர்ல வந்து கேக்குறாரு, மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்ல முடியுமா?” என்றாள் நோய். நான் நம்பவில்லை. எழுந்து நேரே பள்ளிக்குப் போனேன், குன் விசுத் கார் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

கேட்டேன், என்னை அனுப்பப் போகிறீர்களா என்று நேராகவே கேட்டேன், இந்த ஊரில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. அவர் நிஜமாகவே அதிர்ந்துபோனார். “உங்கள அனுப்பறதா? என்ன டீச்சர் பேச்சு இது? நீங்க போயிட்டா யாரு பாடம் நடத்தறது, அந்த நூடுல்ஸ்காரரா?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, தனக்கு வேண்டப்பட்டவளிடம் ரகசியம் சொல்கிற மாதிரி, “பெத்தவங்க வந்து பாக்கறது மூஞ்சிய டீச்சர். நீங்க பாக்க எங்க ஊர்ப் பொம்பள மாதிரியே இருக்கீங்க. வெளிநாட்டு டீச்சர் எங்கன்னு கேட்டா நான் யாரக் காட்டறது? ஒரு நாள் விஷயம், மனசுல வெச்சுக்காதீங்க” என்றார். எங்கள் ஊர்ப் பெண் மாதிரியே இருக்கிறீர்கள் என்று இந்த ஊரில் எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு அதே வார்த்தையைக் கேட்டுக் கும்பிடாமலே திரும்பிவிட்டேன். வீட்டுக்கு நடந்து வரும்போது யோசித்தேன். என்னைத் துரத்தப் பார்க்கிறார்கள் என்றுதான் இத்தனை நாள் பயந்தேன், ஆனால் அவர்கள் என்னை வைத்துக்கொள்ளத்தான் பார்க்கிறார்கள், வைத்துக்கொண்டு ஒளித்துவைக்கப் பார்க்கிறார்கள். இதில் எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை மகனே, துரத்தியிருந்தால் கோபப்பட்டாவது இருப்பேன்.

மறுநாள் மத்தியானக் கூட்டம் கலைந்த பிறகு நோய் என்னைக் கடைக்குக் கூப்பிட்டாள். பெக்கா மேஜையைத் துடைத்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு மாணவன் மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுங்கள் என்கிறார். என் சந்தேகம் முதலில் தூங்கவில்லை, இது குன் விசுத்தின் ஏற்பாடாக இருக்குமோ, என் பாடத்தை இவர் மூலம் கறந்துகொண்டு பிறகு என்னை அனுப்பிவிடுவாரோ என்று பார்த்தேன். இன்னொன்றும் சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. மழைப் படத்தைக் காட்டி எருமை என்று சொல்லிக்கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. பெற்றோர் முன்னால் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர் மேகத்தைக் காட்டி எருமை எருமை என்று பாடினால் குன் விசுத்தின் சிரிப்பு எங்கே போகும் என்று நினைத்துப் பார்க்கையில் எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா. ஆனால் அவருக்கு எதிரில் நிற்கப்போவது என் பிள்ளைகள். அவர் தப்பாகச் சொன்னால் அவர்களும் தப்பாகச் சொல்வார்கள் அல்லது திருதிருவென்று விழிப்பார்கள், அவர்கள் அம்மா அப்பா பார்த்துக்கொண்டிருக்க. அதனால் சரியாகவே சொல்லிக்கொடுத்தேன். மழை, வெயில், காற்று, குடை எங்கே, என் குடை உன்னிடம், அந்தப் பாட்டு, பாட்டுக்கு நடுவில் நான் வழுக்கி விழுவது மாதிரி நடிப்பேனே அது, எல்லாம். அவ்வளவு பெரிய உடம்பு நூடுல்ஸ் கடை நடுவில் வழுக்கி விழப் பழகுவதைப் பார்த்து நோய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நல்ல மாணவர், சொன்னால் மறப்பதில்லை. என்ன ஒன்று, நம் இலோய்லோக்காரர்கள் வாக்கியத்தின் கடைசியில் ஒரு இழுப்பு இழுப்போமே, பாட்டு மாதிரி, அதையும் சேர்த்தே பிடித்துக்கொண்டார்.

சேர்க்கை நாளன்று நான் கடலுக்குப் போகவில்லை. பின் கேட் வழியாக உள்ளே போய் என் வகுப்புக்குப் பக்கத்திலிருக்கும் ஓவிய அறையில், ஊர்வலத்துக்குச் செய்த காகித யானைகளுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அறைப் பூட்டைத் திறந்து விட்டது அரண்யாதான், என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவர் பலகைச் சுவர், எல்லாம் கேட்கும். முதலில் நாற்காலி இழுபடுகிற சத்தம், பெற்றோர்கள் கிசுகிசுப்பது, ஒரு அம்மா “அய்யோ, என்னா உயரம் பாரேன்” என்பது. பிறகு குட் மார்னிங் என்று பெக்காவின் குரல். அதற்குப் பிறகு நான் கேட்டதெல்லாம் நான்தான் ஆர்வின். என் கேள்வி, என் பாட்டு, நான் மூச்சு விடுகிற இடத்தில் அவரும் மூச்சு விட்டார். என் பிள்ளைகள் இலோய்லோ இழுப்பில் பதில் சொல்ல, பின்லாந்துக்காரர் இலோய்லோ இழுப்பில் அடுத்த கேள்வி கேட்டார். தொப்பென்று விழுகிற சத்தம் வந்தது, பிறகு அறையே அதிருகிற மாதிரி சிரிப்பு, கைதட்டல், அப்பாக்கள்கூட விசில் அடித்தார்கள். அந்தப் பாட்டுக்கு நான் எத்தனையோ தடவை விழுந்திருக்கிறேன், பெரியவர்கள் கைதட்டி நான் கேட்டதே இல்லை. நல்லபடியாக முடிந்ததே என்று சந்தோஷமாகவும் இருந்தது, யானையின் காதைப் பிய்த்து எறியலாம் போலவும் இருந்தது. கைதட்டல் ஓயும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன், தும்மல் வந்ததை மூக்கைப் பிடித்து அடக்கினேன்.

இந்த வருஷம் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தார்கள். இத்தோடு விட்டிருந்தால் நானும் விழுங்கியிருப்பேன். மே மாதம் பள்ளி திறந்து முதல் பெற்றோர் கூட்டத்தில், மீன் உருண்டை வியாபாரம் செய்கிற ரம்பாய் என்கிற அம்மாள் எழுந்து, அந்த உயரமான டீச்சர் எங்கே, பிள்ளை தினமும் கேட்கிறாள் என்றாள். குன் விசுத் கண்ணிமைக்காமல், “அவங்க அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, ஊருக்குப் போயிருக்கார். அவர் வர்ற வரைக்கும் நம்ம நோர்லி டீச்சர் உதவிக்கு இருக்காங்க” என்றார். உதவிக்கு! எனக்கு எழுந்திருக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லை, கால்தான் எழுந்துகொண்டது. இந்த ஊரில் பெரியவரைச் சபை நடுவில் மறுத்துப் பேசுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும், இருந்தும் தாய்லாந்து மொழியிலேயே சொன்னேன். “அவர் ஊருக்குப் போகல. பஸ் ஸ்டாண்டு பின்னாடி நூடுல்ஸ் கடைல இருக்கார், இன்னிக்கிக் காலைலகூட எலும்பு உடைச்சுக்கிட்டிருந்தார். நல்ல மனுஷர், ஆனா டீச்சர் இல்ல. டீச்சர் நான். அன்னிக்கி நீங்க கைதட்டுன பாடம் என் பாடம்.”

குன் விசுத்தின் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, கழற்ற மறந்த மாதிரி. ஒரு அப்பா எழுந்து, “வெள்ளக்காரர் சொல்லித் தர்றார்னுதானே சேத்தோம், ஏமாத்து வேலையா இது?” என்று கத்தினார், அவர் பக்கம் இன்னும் சிலர். ரம்பாய் உட்காரவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்போ அன்னிக்கி நீங்க எங்க இருந்தீங்க டீச்சர்?” என்று கேட்டாள். பக்கத்து அறையில், யானை பொம்மைகளுக்கு நடுவில் என்றேன். யாரோ சிரித்துவிட்டார்கள், பிறகு அடக்கிக்கொண்டார்கள். ரம்பாய் சிரிக்கவில்லை. அந்த அப்பாவைப் பார்த்துத் திரும்பி, “என் பொண்ணு வீட்டுல ராகம் போட்டு இங்கிலீஷ் பேசறா, இது எந்த நாட்டு ராகம்னு நானும் யோசிச்சுக்கிட்டே இருந்தேன். நூடுல்ஸ் போடறவர் நூடுல்ஸ் போடட்டும், அந்தக் கடை சூப்பு எனக்குப் பிடிக்கும், கெடுத்துடாதீங்க. சொல்லித் தர்றவங்க சொல்லித் தரட்டும். எதுக்குய்யா இந்தம்மாவ யானையோட அடைச்சு வெச்சீங்க?” என்றாள். கடைசிக் கேள்வி குன் விசுத்துக்கு. அவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, மதிய உணவுத் திட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அந்த வாரம் சில பேர் பிள்ளைகளை மாற்றிக்கொண்டு போனார்கள். நான் பெட்டியை எடுத்துக் கட்டிலில் விரித்து வைத்தேன். குன் விசுத் என்னைப் பார்த்தால் நின்று கும்பிட்டுவிட்டுப் பேசாமல் போவார், அது திட்டைவிட மோசம். ஆசிரியர் அறையில் நான் உட்கார்ந்தால் மற்றவர்களுக்கு அவசர வேலை வந்துவிடும். அரண்யா மட்டும் எதிரில் வந்து உட்கார்ந்தாள், அன்றைக்குத் தின்ன எதுவும் கொண்டுவரவில்லை. “எனக்கு மொதல்லயே தெரியும்கா. சொன்னா என் வேலை போயிடும்னு பயந்துட்டேன். அதான் மாம்பழம்” என்றாள். பார்த்தாயா, நான் அப்போதே நினைத்தேன். ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் திட்ட வரவில்லை. பிறகு ஒருநாள் குன் விசுத்தே கூப்பிட்டார், ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார். வழக்கமாக ஒரு வருஷம், இந்தத் தடவை அக்டோபர் வரைதான். அப்புறம் பார்க்கலாம் என்றார், சிரித்துக்கொண்டே. கூடவே லாப்லே தோட்டத்து டூரியன் பழம் ஒன்று டிரைவரிடம் கொடுத்தனுப்பினார். அது சமாதானமா வழியனுப்பா என்று தெரியாமல் வராந்தாவிலேயே வைத்திருந்தேன், வாசம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் வந்து கேட்ட பிறகுதான் பிளந்தேன். வாசல் பலகையைத் திறந்துவிட்டார்கள். அதில் நானும் இல்லை, பெக்காவும் இல்லை, பள்ளிக் கட்டடத்தின் படம் மட்டும், மேலே நீலமாக வானம். நான் ஜெயித்தேனா தோற்றேனா என்று அதைப் பார்த்தால் தெரியவில்லை. வகுப்புக்குப் போனால் பிள்ளைகள் பாடுகிறார்கள், நான் விழுகிறேன். ரம்பாய் வந்து கதவருகே நின்று பார்த்துவிட்டுப் போகிறாள், என்னை வேவு பார்க்கிறாளோ என்றுகூட முதல் நாள் நினைத்தேன், மீன் உருண்டை கொடுத்துவிட்டுப் போனாள், யோசித்துவிட்டுத்தான் தின்றேன்.

இனி உன் விஷயம். போன ஞாயிறு நீ பேசும்போது உனக்குப் பின்னால் யாரோ கோப்பையை மேஜையில் வைத்த சத்தம் கேட்டது. யார் என்றேன், காற்று என்றாய். வின்னிபெக் காற்று காப்பி குடிக்குமா? உடனே போனை ஜன்னல் பக்கம் திருப்பி மரத்தைப் பார் அம்மா என்று காட்டினாய், பிறந்ததிலிருந்து ஒரு மரத்தை நின்று பார்க்காதவன் நீ. உன் சட்டை இஸ்திரி போட்டிருந்தது. நீ ஒரு மாதமாகக் கீரை சாப்பிடுகிறாய் என்கிறாய், உனக்குக் கீரை சமைக்கத் தெரியாது. நான் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, என் பிள்ளை தானாகச் சொல்வான் என்று ஒரு மாதமாக வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறேன், எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். அவள் நம்மவளா, நம் கோயிலா, உன்னைவிட மூத்தவளா, பிள்ளை இருக்கிறதா, இதெல்லாம் எனக்குப் பயந்துதான் நீ மறைக்கிறாய், பயப்பட வேண்டியதுதான், நான் எல்லாவற்றையும் கேட்பேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். நான் கூப்பிடும்போதெல்லாம் நீ அவளிடம் கொஞ்ச நேரம் உள்ளே இரு என்று சொல்கிறாய் அல்லவா, அவளும் சரி என்று எழுந்து போகிறாள். சுவருக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து, உன் சிரிப்பையும் என் சிரிப்பையும் கேட்டுக்கொண்டு, தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு இருப்பாள். அது எப்படி இருக்கும் என்று நீ அவளிடம் கேட்டதில்லை, அவளும் சொல்லமாட்டாள். வரும் ஞாயிறு அவளை உன் பக்கத்தில் வெளிச்சமாக உட்கார வை. நான் முறைப்பேன், அவள் கண்டுகொள்ள வேண்டாம். என்னிடம் திட்டு வாங்குவது அந்த அறைக்குள் உட்கார்ந்திருப்பதைவிடச் சுலபம் என்று அவளுக்குச் சொல். அவள் பெயர் என்ன என்று மட்டும் முன்கூட்டியே எனக்கு எழுது, கேமரா முன்னால் தடுமாறி வேறு பெயர் சொல்லிவிடக் கூடாது.

நம் குழந்தை இயேசு, சாந்தோ நின்யோ, உன்னையும், உன்னோடு அந்த வீட்டில் இருப்பவளையும் காத்து, நோய்நொடி அண்டாமல், வேலையில் மேலே மேலே வைக்கட்டும், உன் தலையில் கை வைத்ததாக நினைத்துக்கொள். இந்த மாதம் லோய்டா சித்திக்குப் பிறந்தநாள், மறக்காமல் கூப்பிடு, கூரையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே.

இப்படிக்கு,
எப்போதும் உன் பக்கம் நிற்கும் அம்மா,
நோர்லிட்டா